விண்ட்ஷீல்டு: உயரம் கூடினால் காற்று குறையுமா?

வாசகர் கேள்வி, 11 மே 2024

என் உயரம் 182 செ.மீ. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு மாதம் ஒரு முறை பைக்கிலேயே போய் வருகிறேன். சேலத்தைத் தாண்டுவதற்குள் தலை உலுக்கத் தொடங்கிவிடுகிறது. ஊர் போய்ச் சேர்ந்து படுத்த பிறகும் காதில் இரைச்சல் அடங்குவதில்லை. வண்டியுடன் வந்த விண்ட்ஷீல்டு, அதாவது முன்னால் நிற்கும் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, சிறியது. கடையில் இருப்பதிலேயே உயரமானதை, அதாவது 55 செ.மீ. உள்ளதை, வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். உயரம் கூடினால் காற்று குறையும் என்பதுதானே கணக்கு? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

11 மே 2024, இரவு

மாற்றுக் கருத்து உண்டு. கடையில் இருப்பதிலேயே உயரமானதை வாங்கி மாட்டிய ஆள் நான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என்னுடையது ஒற்றைச் சிலிண்டர் பயண வண்டி. பெயரைச் சொன்னால் இந்தப் பேச்சு முழுவதும் வண்டிச் சண்டையாக மாறிவிடும் என்பதால் சொல்லப்போவதில்லை.

உயரம் கூடினால் காற்று குறையும் என்பது பாதி உண்மை. நெஞ்சில் அறையும் காற்று குறையும். ஆனால் தலையை உலுக்குவது நெஞ்சில் அறையும் அந்தக் காற்று அன்று. கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும்போது ஒரு பக்கம் வேகமாக ஓடும் காற்றும், கண்ணாடிக்குப் பின்னால் ஏறக்குறைய நின்றுவிட்ட காற்றும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலில் சிறிதும் பெரிதுமாகச் சுழல்கள் பிறந்து, பின்னோக்கி உருண்டு வந்து, நம் தலைக்கவசத்தில் மாறி மாறித் தட்டுகின்றன. உங்களுக்குச் சேலத்தில் தொடங்கும் உலுக்கல் இந்தத் தட்டல்தான். எனவே கண்ணாடி எவ்வளவு உயரம் என்று கேட்பதைவிட, அதன் விளிம்பில் பிறக்கும் சுழல் உங்கள் உடம்பில் எந்த இடத்தில் வந்து மோதுகிறது என்று கேட்க வேண்டும். சுழல் தோளுக்குக் கீழே மோதினால் தலை நேர்க்காற்றில் இருக்கும். இரைச்சல் உண்டு, உலுக்கல் இராது. தலைக்கவசத்துக்கு மேலாகப் போய்விட்டாலும் நல்லது. தாடைக்கும் நெற்றிக்கும் நடுவே வந்து மோதினால் அன்றைய பயணம் கெட்டது.

வண்டியில் உட்கார்ந்து, தரையிலிருந்து கண் வரை அளந்துகொள்ளுங்கள். எனக்கு அது 155 செ.மீ. (என் உயரம் 173.) பிறகு கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே வருமாறு, அதாவது கண்ணுக்கு 5 முதல் 8 செ.மீ. கீழே நிற்குமாறு, தேர்ந்தெடுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல், "கண்ணுக்கு ஒரு செ.மீ. கீழே நின்றால் போதாதா?" என்று 154 செ.மீ. வரை ஏறும் கண்ணாடி ஒன்றை வாங்கினேன். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாளை எழுதுகிறேன்.

12 மே 2024

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் 55 செ.மீ. எதன் அளவு என்று கடையில் கேட்டீர்களா? அட்டவணைகளில் போடப்படும் உயரம் பெரும்பாலும் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை அதன் மேற்பரப்பின் மீதே அளந்த நீளம். வண்டியில் கண்ணாடி செங்குத்தாக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. 30 பாகை சாய்ந்திருந்தால் 45 செ.மீ. நீளமுள்ள கண்ணாடி உண்மையில் தருவது 39 செ.மீ. உயரம்தான். போதாக்குறைக்கு, கீழ்ப்பகுதியில் ஒரு கை அகலம் முகப்பு விளக்கின் முன்னால் தொங்கிக்கொண்டு எந்தப் பயனும் இல்லாமல் நிற்கலாம். ஆகவே மேல் திருகாணியிலிருந்து மேல் விளிம்பு வரை எவ்வளவு என்பதைக் கேளுங்கள். வண்டியில் இப்போது இருக்கும் கண்ணாடியிலும் அதே இரண்டு புள்ளிகளை அளந்து ஒப்பிடுங்கள். கடைக்காரர் எரிச்சல் அடைவார், அடையட்டும்.

14 மே 2024

"கண்ணாடி தெளிவாகத்தானே இருக்கிறது, அதன் ஊடாகவே பார்த்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கயத்தாறு தாண்டும்போது இருட்டிவிட்டது. கோவில்பட்டிக்கு முன்பாக மழை பிடித்துக்கொண்டது. காருக்கு இருப்பது போல நம் கண்ணாடிக்குத் துடைப்பான் கிடையாது. மழைத்துளிகள் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, காற்றின் அழுத்தத்தில் கீழேயும் வழியாமல் மேலேயும் ஏறாமல் நடுங்கிக்கொண்டே நின்றன. அவற்றுக்கு அடியில் அன்று மாலை மோதிச் செத்த பூச்சிகளின் கறை இருந்தது. எதிரே ஒரு லாரியின் விளக்கு தெரிந்ததும் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு விளக்காக மாறியது. என் தலைக்கவசத்தின் முன்மறைப்பிலும் துளிகள், கண்ணாடியிலும் துளிகள். சாலையின் வெள்ளைக்கோடு அடியோடு மறைந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கலாம் என்று முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, கால் மிதிகளில் பாதி எழுந்து நின்றபடியே கோவில்பட்டிப் பேருந்து நிலையம் வரை வந்தேன். அங்கே தேநீர்க் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுதான், மூன்றாயிரத்துச் சொச்சம் கொடுத்து என் கண்ணை நானே மறைத்துக்கொண்டேன் என்பது உறைத்தது.

கணக்காகவும் பார்க்கலாம். என் கண்ணிலிருந்து கண்ணாடி விளிம்பு சுமார் 60 செ.மீ. முன்னால் இருக்கிறது. கண் தரையிலிருந்து 152 செ.மீ. உயரத்தில், விளிம்பு அதற்கு 7 செ.மீ. கீழே என்று கொண்டால், விளிம்பைத் தொட்டுச் செல்லும் பார்வை 13 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடுகிறது. அதற்கு அப்பால் உள்ள சாலை முழுவதும் வெறும் கண்ணுக்குத் தெரியும். விளிம்பு 4 செ.மீ. மட்டுமே கீழே இருந்தால் அந்தத் தூரம் 23 மீட்டராகிவிடுகிறது, 80 கி.மீ. வேகத்தில் அது ஒரு நொடிப் பயணம். விளிம்பு கண்ணுக்கு மேலே போய்விட்டால் சாலை எங்குமே நேராகத் தெரியாது. 5 முதல் 8 என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

19 மே 2024

மேலே உள்ளதை இன்று மறுபடி படித்தேன். முதல் குறிப்பில் கண் உயரம் 155 என்று எழுதிவிட்டு, மூன்றாவதில் 152 என்று கணக்குப் போட்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டுமே சரியான அளவுகள். 155 என்பது வீட்டு வாசலில் வண்டியை நேராக நிறுத்தி, என் மகன் இன்ச் டேப்புடன் நிற்க, புகைப்படத்துக்கு உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த அளவு. 152 என்பது திருமங்கலத்தைத் தாண்டி விருதுநகர் வரை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, இறங்காமலே சாலையோரம் நிறுத்தி, நண்பர் ஒருவரைக் கொண்டு எடுத்த அளவு. ஒரு மணி நேரத்தில் முதுகு தளர்ந்து, சீட்டின் பஞ்சு அமுங்கி, மனிதன் 3 செ.மீ. குள்ளமாகிவிடுகிறான். கண்ணுக்கு ஒரு செ.மீ. கீழே என்று நான் வாங்கிய கண்ணாடி கோவில்பட்டியில் கண்ணுக்கு இரண்டு செ.மீ. மேலே நின்ற மர்மம் இதுதான்.

ஆகவே முதல் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். வாசலில் அளக்காதீர்கள். ஓட்டிக் களைத்த உடம்பை அளங்கள்.

20 மே 2024

சீட்டின் மேல் ஜெல் மெத்தை போட்டிருப்பவர்கள் மெத்தையோடு அளக்க வேண்டும். இதை எழுதவும் வேண்டுமா என்று நினைத்தேன். இன்று ஒருவர் மெத்தையைக் கழற்றிவிட்டு அளந்ததாகத் தொலைபேசியில் சொன்னார்.

2 ஜூன் 2024

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே காற்றைத் தடுப்பது என்றால் குளிரைத் தடுப்பது. உயரமான, அகலமான கண்ணாடியை விரும்புவதில் நியாயம் உண்டு. காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய முழு முகப்போடு பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ் பைக் 1976ல் வந்தது, ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் மணிக்கணக்காக வேகமாகப் போகிறவர்களுக்காக. நாம் மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டையில் போகிறவர்கள்.

என் 154 செ.மீ. கண்ணாடிக்குப் பின்னால் அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் ஓட்டினேன். காற்று நின்றுவிட்டதால் வேர்வை உலரவில்லை. இன்ஜினிலிருந்து ஏறும் சூடு வெளியே போக வழியில்லாமல் வயிற்றுக்கும் டேங்க்குக்கும் நடுவே தேங்கியது. மேலூரிலிருந்து திருச்சி வரை ஒரு ஆவிப் பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. உலுக்கல் குறைந்ததா என்று கேட்டால், குறைந்தது என்றே சொல்வேன். இட்லிக்கும் உலுக்கல் இல்லைதானே.

நம் ஊருக்குக் கண்ணாடி வாங்குபவர் தோளையும் கைகளையும் காற்றுக்கு விட்டுவிட வேண்டும். உயரத்தைவிட அகலம்தான் நம் வெயிலுக்கு எதிரி.

23 ஜூன் 2024

நேற்று நாகர்கோவில் போய் வந்தேன். காவல்கிணற்றில் பிரிந்து முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழிக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே உள்ள கணவாயில் நெருக்கிக்கொண்டு புகுந்து வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைக்கு நல்லது எல்லாம் நமக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இங்கே உயரத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. கண்ணாடி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது? வண்டியின் சட்டத்தோடு இணைந்திருந்தால் பக்கக் காற்று வண்டி முழுவதையும் ஒரு பக்கமாகத் தள்ளும். சற்றே சாய்த்து ஓட்டிச் சமாளிக்கலாம். ஹேண்டில்பாரிலோ ஃபோர்க்கிலோ மாட்டியிருந்தால் காற்று நேராக ஹேண்டிலையே திருப்பப் பார்க்கும். என்னுடையது இரண்டாவது வகை. முப்பந்தலில் ஒரு லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்த கணத்தில் யாரோ ஹேண்டிலைப் பிடித்து இழுத்தது போல இருந்தது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 45 செ.மீ. உயரமும் 40 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பலகையின் மேல் 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 5 கிலோ எடையின் விசையும், 100 கி.மீ. வேகத்தில் 8 கிலோவுக்கு மேலும் விழும். இது எதிர்காற்று இல்லாத நாளின் கணக்கு. சாய்ந்தும் வளைந்தும் இருக்கும் கண்ணாடியில் இது குறையும் என்றாலும், அளவு புரிவதற்காகச் சொல்கிறேன். ஹேண்டிலில் மாட்டுகிறவர்கள் கூட்டும் ஒவ்வொரு அங்குலமும் ஹேண்டிலில் ஏறும் சுமை. உங்கள் வண்டியில் எப்படி என்று பார்த்துச் சொல்லுங்கள்.

7 ஜூலை 2024

உங்களுடையது சட்டத்தோடு இணைந்தது என்று எழுதியிருந்தீர்கள், நல்லது.

இன்றைய செய்தி என் மனைவியிடமிருந்து. கண்ணாடி மாற்றியதிலிருந்து பின்னால் உட்காருவதற்கு அவர் தயங்கிக்கொண்டிருந்தார்; நான் வேகத்துக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அழகர்கோவில் போய் வந்த பிறகு, "முன்னாடி உங்களுக்கு நிம்மதி, அந்தக் காத்து முழுக்க என் தலையிலதான் இறங்குது" என்றார். என் தலைக்கு மேலாகப் போன சுழல் அவர் தலைக்கவசத்தில் போய் இறங்கியிருக்கிறது. பின்சீட்டு முன்சீட்டைவிட உயரம் என்பதை மறந்து, ஓட்டுகிறவனின் மூக்கை மட்டும் அளந்தவனுக்கு இது வேண்டும்.

இருவர் போகும்போது பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி வண்டி பின்னோக்கிச் சாய்கிறது; கண்ணாடியும் கூடவே சாய்கிறது. எப்போதும் இருவராகவே போகிறவர்கள் இருவராகவே உட்கார்ந்து அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் மேலே போகும் காற்று உள்ளே இழுக்கப்பட்டு நம் முதுகையும் பிடரியையும் முன்னோக்கித் தள்ளுகிறது. கீழிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் அந்த இழுப்பு தணியும். கீழ்த் திருகாணிகள் இரண்டிலும் 12 மி.மீ. தடிமன் வருமாறு ரப்பர் வாஷர்களை அடுக்கி, கண்ணாடியை முகப்பிலிருந்து விலக்கி மாட்டினேன். பிடரியில் இருந்த தள்ளல் பாதியாகக் குறைந்தது. வயிற்றுப் பக்கம் காற்றும் வந்தது. உயரத்தை மாற்றாமல் செய்த இந்த நாற்பது ரூபாய் வேலை, உயரத்தை மாற்றிச் செய்ததைவிட அதிகப் பயன் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

8 ஜூலை 2024

வாஷர் அடுக்கியதால் கண்ணாடியின் சாய்வு கூடி, மேல் விளிம்பு இன்னும் பின்னால், என் முகத்துக்கு அருகே வந்துவிட்டது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்கிறது. உயரத்தை முடிவு செய்வதற்கு முன்பே சாய்வை முடிவு செய்துவிடுங்கள்.

14 ஜூலை 2024

இனி வெட்டிய கதை. 154லிருந்து 146க்கு இறக்க வேண்டும், 8 செ.மீ. வெட்டினால் போதும் என்று பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான், மே 12ல் நானே எழுதிய சாய்வுக் கணக்கு நினைவுக்கு வந்தது. செங்குத்தில் 8 செ.மீ. குறைய வேண்டுமென்றால் 30 பாகைச் சரிவில் 9 செ.மீ.க்குச் சற்று மேல் வெட்ட வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் கண்ணாடியில் கோட்டை விட இருந்தான்.

ஒரே வெட்டாக வெட்டவில்லை. முதலில் 5 செ.மீ. எடுத்து ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு 4 செ.மீ. எடுத்தேன். வெட்டியதை ஒட்ட முடியாது. கண்ணாடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது என்றால் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நெருக்கமான பற்கள் கொண்ட ஜிக்சா இலையால் மெதுவாக வெட்டலாம். வேகம் கூடினால் வெட்டிய இடமே உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் என்ற மற்றொரு பிளாஸ்டிக் கீறலைத் தாங்கும், ஆனால் வெட்டும்போதும் அடிபடும்போதும் விரிசல் விடும். அதை வீட்டில் வெட்டாதீர்கள். விளிம்பை உப்புத்தாளால், முதலில் கரகரப்பானதாலும் பிறகு நீர் தொட்டு நைசானதாலும், கை கிழிக்காத அளவுக்குத் தேய்த்து உருட்டிவிட வேண்டும்.

மேல் விளிம்பு முன்னோக்கி மடிந்த வகைக் கண்ணாடியாக இருந்தால் வெட்டக் கூடாது. அந்த மடிப்பு காற்றை இன்னும் சில செ.மீ. மேலே எறிவதற்காக வைக்கப்பட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டால் குறைந்த உயரத்தில் அதிகப் பயன் தரும் பகுதியையே எடுத்துவிட்டதாகும்.

27 ஜூலை 2024

வெட்டிய கண்ணாடியில் வலது திருகாணியைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை. திருகாணி தளராமல் இருக்கட்டும் என்று நான் ஒரு சொட்டுத் திருகுப் பசை விட்டிருந்தேன். அது பாலிகார்பனேட்டைத் தின்றுவிட்டது. பெட்ரோலும், அம்மோனியா கலந்த ஜன்னல் துடைக்கும் திரவங்களும் இதே வேலையைச் செய்யும். ரப்பர் வாஷர் வைத்து, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றுக்குக் குறைவாகத் திருகினால் போதும். பூச்சிக் கறைக்கு ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்துவிட்டு, தண்ணீர் விட்டுத் துடையுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் கறை போகும், கூடவே தெளிவும் போகும்.

18 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவர் இத்தனை நாள் கழித்துத் தம் அளவுகளை அனுப்பியிருக்கிறார். ஓட்டிக் களைத்த பின் கண் 156 செ.மீ.; இப்போதைய கண்ணாடியின் விளிம்பு 128. வாங்குவதற்கு முன்பாக, இருப்பதைக் கழற்றிவிட்டு அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். ஓட்டினாராம். நெஞ்சில் காற்று அறைந்தது. தலை ஆடவே இல்லை. கண்ணாடியோடு ஓட்டும்போது கால் மிதிகளில் ஒரு கணம் எழுந்து நின்றபோதும் தலை அமைதியாகிவிட்டதாம்.

அப்படியானால் விடை தெளிவாகவே இருக்கிறது. 128ல் பிறக்கும் சுழல் சற்று மேலேறி அவருடைய தாடையில் முட்டுகிறது. அதை 149க்கு ஏற்றி மூக்குக்கு முன்னால் கொண்டுவரலாம். அல்லது இன்னும் கீழே இறக்கித் தோளோடு நிறுத்திவிடலாம். மூன்று மாதமாக ஏற்றுவதைப் பற்றியே எழுதிவிட்டேன். 182 செ.மீ. உயரமுள்ளவருக்கு இறக்குவதே எளிது என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டும் தாங்கியில் இரண்டாவது துளை வரிசை இருக்கிறதா என்று பாருங்கள் என எழுதியிருக்கிறேன்.

25 ஆகஸ்ட் 2024

இருந்ததாம். 4 செ.மீ. இறக்கி மாட்டி, சென்னை வரை போய் வந்துவிட்டார். உலுக்கல் இல்லை, இரைச்சல் அப்படியே இருக்கிறது. இரைச்சலுக்குக் கண்ணாடியை நம்பாதீர்கள். 100 கி.மீ. வேகத்தில் நேர்க்காற்றில் தலைக்கவசத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டும். பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிகளின் ஒலிப்பான் அதையும் மீறிக் கேட்கும்.

அவர் 55 செ.மீ. கண்ணாடியை வாங்கவில்லை.

1 செப்டம்பர் 2024

பொறாமையில் என் பழைய சிறிய கண்ணாடியைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். என் வண்டியின் தாங்கியில் இரண்டாவது துளை வரிசை கிடையாது. ஆகவே, விரிசல் விட்ட இடத்தில் பெரிய வாஷர் வைத்து, 146 செ.மீ. உயரத்தில், வெட்டுப்பட்ட கண்ணாடியே தொடர்கிறது. அடுத்த வாரம் மனைவியோடு குற்றாலம் போகிறோம். கிளம்புமுன் இருவரும் உட்கார்ந்து அளக்க வேண்டும் என்று அவரே இன்ச் டேப்பை எடுத்து வைத்திருக்கிறார்.